மாதவரத்தில் பஸ் ஏறினால் மலை

வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வந்து, பெரம்பூரிலோ தண்டையார்பேட்டையிலோ சொந்தக்காரர் வீட்டில் இறங்குகிறவர்கள், மலை என்றதும் ஊட்டிக்கு டிக்கெட் தேடுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாதவரம் பேருந்து நிலையத்தில் ஊத்துக்கோட்டை வழியாகப் போகும் திருப்பதி பஸ்ஸில் ஏறுங்கள். செங்குன்றம், பெரியபாளையம் கடந்து, சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் சுருட்டப்பள்ளியையும் தாண்டினால் நாகலாபுரம். இது ஆந்திரம்தான்; ஆனாலும் எல்லை ஊர் என்பதால் தமிழ் பேசியே சமாளிக்கலாம்.

மேற்கே தெரிவது நகரி மலைத்தொடர். அதன் உச்சிக்கு ‘நகரி மூக்கு’ என்று பெயர், உயரம் சுமார் 855 மீட்டர். அந்தக் காலத்தில் சென்னைக்குக் கப்பலில் வந்தவர்களுக்குக் கடலிலிருந்தே இது அடையாளம். கடப்பைப் படுகை என்கிற பழங்காலப் பள்ளத்தில் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு படிந்த மணல் இறுகி, குவார்ட்சைட் பாறையாகியிருக்கிறது. எளிதில் கரையாத பாறை. வெடிப்பு விழுந்த இடத்தில் செங்குத்தாகப் பிளந்துகொள்ளும். அதனால்தான் இங்கே சரிவுகளைவிடச் சுவர்கள் அதிகம், அந்தச் சுவர்களுக்கு நடுவே ஓடைகளும் மடுக்களும். பாறைப் புதர்களில் மஞ்சள் தொண்டைச் சின்னானைத் தேடிப் பாருங்கள். தென்னிந்தியப் பாறைக் குன்றுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை அது.

செம்மரமும் இந்தப் பகுதிக்கே உரியது. கடத்தல் காரணமாக வனத்துறை கெடுபிடி அதிகம். அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். ‘எல்லாம் பாத்துக்கலாம் சார்’ என்கிறவரை நம்பியும் போகாதீர்கள். பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும்.

டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் சரியான காலம். பருவமழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும். பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு ஜூலையில் வருகிறவர்கள் இதை விட்டுவிடலாம். அந்தப் பாறைச் சூடு உங்களுக்குப் பழக்கமில்லை. மழை பெய்தால் ஓடை சட்டென்று பெருகும், உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். மடுவில் குதிக்கவே வேண்டாம். வெளியூரில் நீச்சல் குளத்தில் பழகிய தைரியம் அடி தெரியாத தண்ணீரில் உதவாது. பாசி வழுக்கும், செருப்பு போதாது.

அனுமதி கிடைக்கவில்லையா? பூண்டி ஏரிப் பக்கம் குடியம் குகை இருக்கிறது. கற்கால மனிதர்கள் தங்கிய இடம். தமிழக வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில், அந்த நேரத்தில் குகைக்கான நடைபயணம் திறந்திருந்தால், புறப்படும் முன்பே பதிவு செய்துகொள்ளலாம்.