வீடு காலி செய்யும்போது அட்வான்ஸ் பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

அட்வான்ஸ் தகராறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. குடிவந்த அன்று வீடு எப்படி இருந்தது என்பது வீட்டுக்காரருக்கு ஒரு மாதிரியும் உங்களுக்கு வேறு மாதிரியும் நினைவிருக்கும். அதனால் வாய்ப்பேச்சை நம்பாமல் எல்லாவற்றையும் எழுத்திலும் படத்திலும் வைத்துக்கொள்ளுங்கள்.

1. ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

நோட்டீஸ் காலம் எவ்வளவு, பெயின்ட் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் திரும்ப வேண்டும், பாதியில் கிளம்பினால் பிடித்தம் உண்டா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் கெடு இல்லாவிட்டாலும் பல இடங்களில் வாடகைச் சட்டமே ஒரு கெடு வைத்திருக்கிறது.

2. காலி செய்யும் தேதியை எழுத்தில் சொல்லுங்கள்

வாட்ஸ்அப், மின்னஞ்சல் எதுவானாலும் சரி. போனில் பேசினால், பேசியதைச் சுருக்கி உடனே ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள். "கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். அவர் எழுத்தில் சம்மதிக்காதவரை அது வாடகை பாக்கிதான்.

3. எது தேய்மானம், எது சேதம்?

பணம் கரைவது இங்கேதான். வெயிலில் மங்கிய சுவர், நடந்து நடந்து பளபளப்பு போன தரை, பழசாகி ஒழுகும் குழாய் எல்லாம் புழக்கத்தால் வரும் தேய்மானம். இவற்றுக்குப் பிடித்தம் செய்வது பொதுவாக நியாயமில்லை. உடைந்த கண்ணாடி, விரிசல் விட்ட வாஷ்பேசின், கேட்காமல் போட்ட பெரிய துளைகள் சேதக் கணக்கில் வரும்.

சேதமே செய்திருந்தாலும் புதுப்பொருளின் முழு விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு திரைச்சீலை 5 வருடம் உழைக்கும் என்று வையுங்கள். 4 வருடம் ஆன திரைச்சீலையை நீங்கள் கிழித்துவிட்டால் மீதமிருப்பது 1 வருட மதிப்பு, அதாவது விலையில் ஐந்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைப் பொறுமையாகச் சொன்னாலே பாதிப் பேச்சு அடங்கிவிடும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் சிக்கல்.

4. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள்

வீட்டுக்காரரையோ அவர் சார்பில் ஒருவரையோ வரச் சொல்லுங்கள். அவர் காட்டும் குறைகளைக் குறித்துக்கொண்டு, சின்ன வேலைகளை நீங்களே ஆள் வைத்து முடித்துவிடுங்கள். அநேகமாக அவர் பிடிக்கப்போகும் தொகையைவிட அது மலிவாகவே முடியும். வீட்டையும் நன்றாகத் துடைத்துவிடுங்கள். சுத்தம் செய்யும் கூலி என்று பிடிப்பது மிகச் சுலபம்.

5. சாவி கொடுக்கும் நாள்

சாமான்கள் போன பிறகு ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். குளியலறை, சமையலறை மேடை, அலமாரியின் உட்புறம் விட்டுப்போகக் கூடாது. மின்சார மீட்டர் ரீடிங்கையும் படம் எடுத்து, கடைசி பில் கட்டிய ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், எத்தனை சாவி எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் வங்கிக் கணக்கு எண்ணையும் அன்றே அனுப்பிவிடலாம்.

6. பணம் வரவில்லையென்றால்

"எப்போது தருவீர்கள்?" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். "எதற்கு எவ்வளவு பிடிக்கிறீர்கள்? பில்லோடு பட்டியல் அனுப்புங்கள்" என்று கேளுங்கள். பட்டியல் வந்தால் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். வராவிட்டால் தொகை, கெடு தேதி இரண்டையும் குறிப்பிட்டு பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையை வாங்கி வையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் பகுதியின் வாடகை அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ முறையிட, இதுவரை சேர்த்த தாள்களே போதுமான தொடக்கம்.

நடுவில் ஒரு பகுதித் தொகையைக் கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மீதி இன்னும் வரவேண்டியிருக்கிறது என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு. "கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்று எழுதிய தாளில் மட்டும் மீதி வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.