ஒற்றை ஆள் பரிசலில் தூண்டில் போடும் முறை

ஒகேனக்கல் அருவிக்குக் கீழே மலைகளுக்கிடையே குறுகி ஓடும் காவிரி, பென்னாகரம் வட்டத்தின் நாகமரை, ஒட்டனூர் பக்கம் வரும்போது மேட்டூர் அணையின் நீர்த்தேக்கமாக விரிந்துவிடுகிறது. பரிசலில் தனியாகத் தூண்டில் போட விரும்புபவருக்கு இந்த அகன்ற நீரே ஏற்றது. 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்துக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்பதுடன், அங்குள்ள பாறைகளும் முதலைகளும் புதியவருக்கு உகந்தவை அல்ல. நீர்த்தேக்கத்திலும் மீன்வளத் துறையின் அனுமதியைப் பெற்ற பின்னரே பரிசலை இறக்க வேண்டும்.

மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, முன்பு எருமைத்தோலும் இப்போது பிளாஸ்டிக் தாளும் போர்த்தித் தார் பூசிச் செய்யப்படும் பரிசலுக்கு முன்புறம் பின்புறம் என்று எதுவும் இல்லை. ஆகவே படகில் செய்வதுபோல் பக்கவாட்டில் துடுப்புப் போட்டால் அது நின்ற இடத்திலேயே சுழலும். செல்ல வேண்டிய திசையைப் பார்த்து அமர்ந்து, துடுப்பை முன்னே நீட்டி ஊன்றி, நீரைத் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். இடமும் வலமுமாக மாற்றி இழுத்தால் சுழற்சி அடங்கும். தூண்டிலைத் தொடுவதற்கு முன் கரையோரத்தில் இதை மட்டுமே பழகுவது நல்லது. உயிர்காப்புச் சட்டையைக் கழற்றவே கூடாது. விளிம்பில் உட்காரவும் கூடாது.

பரிசலை நிறுத்துவதற்குக் கயிற்றில் கட்டிய கல் போதும். ஆனால் ஓட்டமுள்ள நீரில் கல் பாறையிடுக்கில் சிக்கினால் விளிம்பு கீழே இழுக்கப்பட்டுத் தண்ணீர் ஏறிவிடும் என்பதால், ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கையே போட வேண்டும், கையருகே ஒரு கத்தியும் இருக்க வேண்டும். காவிரி தமிழகத்துக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீர்வரத்து வினாடிக்கு எத்தனை கன அடி என்பது நாள்தோறும் செய்திகளில் வருகிறது. அது உயர்ந்துகொண்டிருக்கும் நாளிலும், ஆடிக் காற்று அலை எழுப்பும் பிற்பகலிலும் நீரில் இறங்க வேண்டாம்.

கெளுத்திக்கும் ஜிலேபிக்கும் மண்புழுவும், ரோகு, மிர்கால் போன்ற கெண்டை வகைகளுக்குக் கடலைப் புண்ணாக்கு சேர்த்துப் பிசைந்த மாவும் பொதுவான இரைகள். நீளமான கழி பரிசலில் இடைஞ்சல்தான். ஆறடிக் கழியும் ரீலும் போதும்.

மீன் கடித்த பின்தான் பரிசலின் அருமை தெரிகிறது. கரையில் நிற்பவர் ரீலை விட்டுக் கொடுத்துச் செய்யும் வேலையில் பாதியைப் பரிசலே செய்துவிடும். பெரிய மீன் இழுக்க இழுக்கப் பரிசலும் உடன் நகர்வதால் தூண்டில் நரம்பு அறுவது குறைகிறது. கல்லை உடனே தூக்கிவிட்டு, கழியின் நுனி எப்போதும் மீன் இருக்கும் திசையைப் பார்க்குமாறு உடலைத் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். மீன் பரிசலுக்கு அடியில் புகுந்தால், கழியின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி நரம்பை விளிம்பைச் சுற்றி மறுபுறம் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் மூங்கில் முனையில் உரசி அறுந்துவிடும். சோர்ந்த மீனைக் குனிந்து எடுக்காமல், காம்புள்ள கைவலையில் ஏந்த வேண்டும்.

ஆரஞ்சு நிறத் துடுப்பும் முதுகில் மேடும் கொண்ட மகசீர் சிக்கினால் அதைக் கொண்டுவரக் கூடாது. காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக வாழாத இந்த இனம் அழிவின் விளிம்பில் உள்ளது. கைவலையோடு நீருக்குள்ளேயே வைத்து, ஈரக் கையால் தூண்டில் முள்ளை நீக்கி, அது தானாக வாலை அசைத்து விலகும் வரை தாங்கிப் பிடித்திருந்து விட்டுவிட வேண்டும்.