சோவியத் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணி: வரலாறு எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

சோவியத் ஒன்றியத்தின் 20 வயதுக்குட்பட்டோர் அணி எத்தனை முறை உலக ஜூனியர் பட்டம் வென்றது? 8, 9, 11, 13 என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்பதைச் சொல்லாததால்தான் இத்தனை குழப்பம்.

1974, 1975, 1976 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் சோவியத் அணிதான் முதலிடம். ஆனால் அவை அதிகாரபூர்வமற்ற போட்டிகள். சர்வதேச ஐஸ் ஹாக்கி சம்மேளனம் 1977 முதல்தான் கணக்கில் எடுக்கிறது. அதன்படி தங்கம் 8: 1977, 1978, 1979, 1980, 1983, 1984, 1986, 1989. முந்தைய மூன்றையும் கூட்டினால் 11. அந்த மூன்றை வைத்து 'கனடாவை அடக்கி ஆண்டது' என்று எழுதுவதும் சரியல்ல. 1974இல் கனடாவுக்காக ஆடியது பீட்டர்பரோ பீட்ஸ் என்ற கிளப் அணி.

9, 13 என்ற எண்களுக்கு 1992 போட்டிதான் வேர். 1991 டிசம்பர் 26 அன்று ஜெர்மனியின் ஃபூசன், காஃப்பாய்ரன் நகரங்களில் போட்டி தொடங்கியது. அதே நாளில் சோவியத் ஒன்றியம் சட்டப்படி கலைந்தது. சோவியத் பெயரில் களமிறங்கிய அணி, சுதந்திர நாடுகளின் காமன்வெல்த் (சி.ஐ.எஸ்.) பெயரில் போட்டியை முடித்துத் தங்கம் வாங்கியது. ஆகவே இதை சி.ஐ.எஸ். என்று தனி வரியில் எழுதுவதே நேர்மை. சோவியத் எட்டோடு இந்த ஒன்றைக் கூட்டியதுதான் 9. ரஷ்யா 1999, 2002, 2003, 2011இல் வென்ற நான்கும் சேர்ந்ததுதான் 13.

அடுத்த சறுக்கல் 1987 ஜனவரி 4, செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஷ்டியானி. சோவியத் அணிக்கு எதிரான ஆட்டத்தில் கனடா 4–2 என முன்னிலையில் இருந்தபோது இரு அணியினரும் பெஞ்சைக் காலி செய்துகொண்டு அடிதடியில் இறங்கினார்கள்; அரங்கின் விளக்குகளை அணைத்தும் சண்டை ஓயவில்லை. பலர் இதை 'இறுதிப் போட்டி' என்கிறார்கள். அந்த ஆண்டு இறுதிப் போட்டியே கிடையாது. எல்லோரும் எல்லோருடனும் ஆடும் லீக் முறையின் கடைசி ஆட்டம் அது. கனடா 5 கோல் வித்தியாசத்தில் வென்றால் தங்கம். சோவியத் அணிக்குப் பதக்க வாய்ப்பு முன்பே போய்விட்டது. 'சண்டையால் சோவியத் பதக்கத்தை இழந்தது' என்பது எனவே தவறு. பதக்கத்தைப் பறிகொடுத்தது கனடா மட்டுமே. இரு அணிகளும் தகுதி நீக்கம் செய்யப்பட, தங்கம் பின்லாந்துக்குப் போனது.

ஆண்டைக் குறிப்பதிலும் கவனம் வேண்டும். போட்டி டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரியில் முடியும். பெயர் முடியும் ஆண்டுக்கே. பாவெல் புரே, செர்கேய் ஃபெதரோவ், அலெக்சாண்டர் மொகில்னி மூவரும் ஒரே முன்கள வரிசையில் ஆடிய, அமெரிக்காவின் ஆங்கரேஜ் நகரில் நடந்த போட்டி தொடங்கியது 1988இல், கணக்கில் அது 1989.

ஐரோப்பிய ஜூனியர் பட்டங்களை இதோடு கலக்கவே கூடாது. அது வேறு போட்டி, வயது வரம்பும் வேறு.

எல்லோரையும் 'ரஷ்ய வீரர்கள்' என்று எழுதுவது இன்னொரு பிழை. 1992 அணியில் லாத்வியாவின் சாந்திஸ் ஒசோலின்ஷ், லிதுவேனியாவின் டாரியுஸ் காஸ்பராய்திஸ், உக்ரைனின் கீவில் பிறந்த அலெக்சேய் ஜித்னிக் ஆகியோர் இருந்தார்கள். தொடரின் சிறந்த தற்காப்பு வீரர் விருதைப் பெற்றவரே காஸ்பராய்திஸ்தான். அடுத்த ஆண்டு முதல் பிரிவில் சோவியத் இடம் ரஷ்யாவுக்குப் போனது. லாத்வியாவும் உக்ரைனும் கீழ்ப் பிரிவிலிருந்து ஏறி வர வேண்டியிருந்தது.