கூலண்ட் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை: கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

காரின் இன்ஜினை ஆற்றும் திரவமான கூலண்ட் சுற்றும் கூலிங் சிஸ்டம் மூடிய அமைப்பு. ஒரு வருடத்தில் மட்டம் அரை விரல் இறங்கினால் கவலை வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. "அடியில் ஈரமே இல்லையே" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. 90 டிகிரிக்கு மேல் சூடான இன்ஜின் மீது விழும் சிறு துளி தரைக்கு வருவதற்குள் காய்ந்துவிடும்.

எதைத் தொடுவதாக இருந்தாலும் இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற வண்டி என்றால் நல்லது. சூட்டில் உள்ளே சுமார் 1 பார் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலண்ட் கொதிக்காமல் இருக்கிறது. அப்போது கூலண்ட் ஊற்றும் மூடியைத் திறந்தால் அத்தனையும் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் பீய்ச்சும்.

முதலில், சொட்டுவது கூலண்ட்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏசி ஓடியபின் முன்சீட் பக்கம் அடியில் சொட்டும் நிறமற்ற, மணமற்ற தண்ணீர் ஏசியுடையது, அதை விட்டுவிடலாம். கூலண்ட் பச்சை, சிவப்பு, பிங்க், நீலம் என ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும். விரலில் வழவழக்கும், லேசான இனிப்பு வாசனை வரும். ருசி பார்க்க வேண்டாம், அது விஷம். தரையில் தேங்கினால் கழுவிவிடுங்கள், தெருநாய்கள் நக்கும். சந்தேகம் இருந்தால் இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, முன்சக்கரங்கள் நிற்கும் இடத்தை அதில் குறித்து வையுங்கள். காலையில் கறை எதற்கு நேர் கீழே என்று தெரிந்துவிடும்.

ஆனால் துளி விழும் இடம் வேறு, கிளம்பும் இடம் வேறு. ஃபேன் காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். குழாய் வழியே ஓடிவந்து தாழ்ந்த முனையில் சொட்டும். டார்ச் அடித்துக் கீழிருந்து மேலே பார்த்துக்கொண்டே போங்கள். ஈரம் தெரியும் மிக உயரமான இடம்தான் நீங்கள் தேடுவது. ஈரம் இல்லையென்றால், காய்ந்த கூலண்ட் விட்டுப்போன வெள்ளை, பச்சை அல்லது பிங்க் பொருக்கைத் தேடுங்கள்.

இப்போதைய ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியம், பக்கத் தொட்டிகள் பிளாஸ்டிக். இரண்டும் மடித்து இணைக்கப்பட்ட விளிம்பில்தான் அடிக்கடி கசியும். அடுத்து ஹோஸ் முனைகள். கிளாம்புக்குப் பக்கத்தில் அழுத்திப் பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கினாலோ, உள்ளே நொறுங்குவதுபோல் உணர்ந்தாலோ ஹோஸை மாற்ற வேண்டியதுதான். கிளாம்பை வெறிகொண்டு முறுக்கினால் பிளாஸ்டிக் மூக்கு உடைந்து செலவு பல மடங்காகும். தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) இருக்கும் ஹவுசிங் பிளாஸ்டிக்காக இருந்தால் அதன் இணைப்பையும் பாருங்கள். வாட்டர் பம்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். சீல் போனால் அது வழியாக ஒழுகுவதற்கென்றே வைத்த துளை அது; அடைக்கக் கூடாது, பம்பை மாற்ற வேண்டும். டைமிங் பெல்ட் சுற்றும் பம்பாக இருந்தால் கறை பெல்ட் கவரின் கீழ்முனையில்தான் வெளிப்படும். பெல்ட்டில் கூலண்ட் பட்டிருந்தால் அதையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

சில கசிவுகள் ஆறியபோது மட்டும் தெரியும்: ரப்பரும் உலோகமும் சுருங்கி கிளாம்ப் தளர்வதால், சூடானதும் தானே நின்றுவிடும். பிளாஸ்டிக் தொட்டியின் மயிரிழை விரிசல் நேர்மாறு. சூட்டிலும் அழுத்தத்திலும்தான் திறக்கும். காலையில் ஒருமுறை, ஓட்டி வந்து நிறுத்தியவுடன் ஒருமுறை என இரண்டு வேளையும் பார்ப்பது இதனால்தான். சூட்டில் பார்க்கும்போது கண்ணால் மட்டும். ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும், கையை உள்ளே விட வேண்டாம்.

மூடியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மூடி நேராக ரேடியேட்டரில் இருக்கும் வண்டிகளில், ஆறும்போது பக்கத்திலுள்ள கூலண்ட் பாட்டிலிலிருந்து கூலண்டை ரேடியேட்டர் திரும்ப உறிஞ்ச வேண்டும். மூடியின் வால்வு ஒட்டிக்கொண்டால் பாட்டில் நிரம்பியே இருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டே போகும். காலையில் மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால் முதல் சந்தேகம் மூடிமேல்தான்.

கண்ணில் எதுவும் படவில்லையா? பிரஷர் டெஸ்டர் வேண்டும். ஆறிய இன்ஜினில் கூலண்டை நிரப்பி, மூடி இருக்கும் இடத்தில் டெஸ்டரை மாட்டி, மூடியில் அச்சிட்ட அளவுக்கு (பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார்) கையால் பம்ப் அடியுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல ரேடியேட்டரும் பிளக்கும். 15 நிமிடம் முள் அசையக் கூடாது. முள் இறங்கினால் அழுத்தம் இருக்கும்போதே எல்லா இணைப்பையும் திரும்பப் பாருங்கள். வெளியே காய்ந்திருந்தால் முன்சீட் கால்மிதிக்கு அடியில் கை வையுங்கள். அங்கே ஈரம், ஓட்டும்போது உள்பக்கக் கண்ணாடியில் பிசுபிசுப்பான பனி, இனிப்பு வாசனை எல்லாம் இருந்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் வெப்பக் காற்று தரும் சிறு ரேடியேட்டர்) கசிகிறது.

அதுவும் இல்லையென்றால் கசிவு இன்ஜினுக்குள். ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டர் வாயு கூலண்டுக்குள் வருகிறது என்று பொருள். இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். இன்ஜின் சூடான பிறகும் சைலன்சரில் நிற்காத வெள்ளைப் புகையும், டிப்ஸ்டிக்கில் பால்போன்ற ஆயிலும் அதன் மற்ற அடையாளங்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் கொஞ்சம் வெண்ணுரை இருந்தால் பதறாதீர்கள். மழைக்காலத்தில் கிட்டத்திலேயே ஓட்டும் வண்டிகளில் அது சகஜம். நீலநிற சோதனைத் திரவம் வழியாக ரேடியேட்டர் வாய்க் காற்றை உறிஞ்சிப் பார்ப்பது நம்பகமான வழி. பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளானால் கேஸ்கெட்டோ ஹெட்டோ போயிருக்கிறது. டீசல் வண்டியில் ஆயில் சுத்தமாக இருந்து, கூலண்ட் குறைந்து, வெள்ளைப் புகையும் வந்தால், ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்கும் முன் இஜிஆர் கூலரை (இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் கூலண்டால் ஆற்றும் பாகம்) சோதிக்கச் சொல்லுங்கள்.

மஞ்சள் தூளும் அடைப்புப் பவுடரும் ஊர் போய்ச் சேரும்வரை உதவலாம். ஆனால் அவை ஓட்டையை மட்டும் அடைப்பதில்லை, ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். போர் தண்ணீர் அதைவிட மோசம், உள்ளே உப்புப் படியும். அவசரத்துக்கு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும். வழியில் டெம்பரேச்சர் முள் ஏறிப்போய் சட்டென்று இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். கூலண்ட் தீர்ந்து சென்சார் காற்றில் நிற்கக்கூடும். உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள்.

பழுது பார்த்தபின், கம்பெனி சொல்லும் வகைக் கூலண்டை ஊற்றுங்கள். அடர் கூலண்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு சரிபாதி. ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடத் தொடங்கி நிற்கும்வரை இன்ஜினை ஓடவிட்டால் காற்று வெளியேறும். காற்றுத் திருகு உள்ள வண்டிகளில் அதையும் திறந்து மூட வேண்டும். அடுத்த ஓரிரு நாளில் மட்டம் கொஞ்சம் இறங்குவது மிச்சக் காற்று வெளியேறியதால். ஊற்றி நிரப்பியபின்னும் இறங்கினால் டெஸ்டரை மறுபடி மாட்டுங்கள்.