பழைய கணினி கிடைத்ததும் சுவிட்சைப் போடாதீர்கள்

கொமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி ஒன்றைத் தேடிப் பிடித்து, விலை பேசி, வீட்டுக்குக் கொண்டுவந்தவருக்குக் கை சும்மா இருக்காது. நீலத் திரையில் 38911 பைட்டுகள் காலியாக இருப்பதாகச் சொல்லும் அந்த வரியை உடனே பார்த்துவிட வேண்டும். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காது. நாற்பது ஆண்டுகள் தாக்குப்பிடித்த கணினி, அந்த அவசரத்தில் சில நொடிகளில் பாழாகிவிடக்கூடும்.

1982-இல் வெளிவந்த அந்தக் கணினிக்கு எமன் வெளியில் இல்லை, அதோடு சேர்ந்து வந்த பவர் சப்ளைதான். பெரும்பாலானவற்றில் உட்புறம் முழுக்க எபாக்சி பிசினை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சூடு வெளியேற வழியில்லை, பிரித்துப் பழுது பார்க்கவும் முடியாது. 5 வோல்ட் நேர்மின்சாரத்தைச் சீராகத் தரவேண்டிய பாகம் வயதாகிக் கெடும்போது மின்னழுத்தம் ஏறிவிடும். ஏறிய அழுத்தம் நேராக ரேம் சிப்புகளுக்குப் போய் அவற்றைப் பொசுக்கும். மல்டிமீட்டரில் 5.25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைத் தொடவே வேண்டாம். சரியாகக் காட்டினாலும் நம்புவதற்கில்லை, இன்று ஒழுங்காக இருப்பது நாளை எகிறலாம். பழையதை அலமாரியில் வைத்துவிட்டு, இந்தக் கணினிக்கென்றே இப்போது புதிதாகச் செய்யப்படும் பவர் சப்ளையை வாங்குவதே நல்லது. கணினிக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் இது வீண்செலவு அல்ல.

அதே ஆண்டில் வந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்தில் ஆபத்து வேறு மாதிரி. அதன் 9 வோல்ட் அடாப்டரில் பிளக்கின் நடுப்பகுதி எதிர்முனை. இன்று வீட்டில் கிடக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுப்பகுதி நேர்முனை. துளையில் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் உள்ளே இருப்பதைக் கெடுத்துவிடும்.

பிபிசி மைக்ரோவை நம்மில் சிலர் பள்ளியிலேயே பார்த்திருப்போம். 1984-இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின் மூலம் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த கணினி அது. அப்படி ஒன்று கிடைத்தால் முதலில் கவனிக்க வேண்டியது பவர் சப்ளைக்குள் இருக்கும் ரீஃபா என்ற பிராண்டின் கெபாசிட்டர்கள், அதாவது மின்தேக்கிகள். அவற்றின் மஞ்சள் நிறக் கூட்டில் மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடியிருக்கும். அதன் வழியே உள்ளிருக்கும் காகித அடுக்கு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நம் கடலோர ஊர்களின் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா? சுவிட்சைப் போட்ட சில நிமிடங்களில் வெடிச் சத்தம், புகை, நாள் முழுக்கப் போகாத நாற்றம். கணினி பெரும்பாலும் தப்பிவிடும் என்றாலும் இவற்றை முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெட்டிக்குள் உயர் அழுத்த மின்சாரம் தேங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் தேர்ந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே பாதுகாப்பு.

அமிகா 2000, அமிகா 500 பிளஸ் போன்ற கணினிகளைப் பிரித்துப் பார்க்காமல் பரணில் ஏற்றுவது இன்னொரு பெருந்தவறு. நேரம் காட்டும் கடிகாரத்துக்காகப் பலகையில் பற்றவைத்த சிறு நிக்கல் காட்மியம் பேட்டரி, கணினி ஓடாதபோதும் கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் காரம் செம்புத் தடங்களை அரித்து, பச்சைப் பொருக்காகப் படர்ந்து, அமிகா 2000-இல் அருகிலிருக்கும் 68000 செயலியின் சாக்கெட் வரை போய்விடும். பேட்டரியை வெட்டி எடுத்துவிடுங்கள். பொருக்கைக் கொஞ்சம் வினிகரால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். துடைத்துவிட்டு பேட்டரியை அங்கேயே விட்டுவைத்தால் அரிப்பு மறுபடி தொடங்கும்.

பிளாப்பி வட்டுகளையும் கிடைத்தவுடன் டிரைவில் போட்டுவிடக் கூடாது. உறையிலுள்ள நீள்வட்டத் திறப்பின் வழியே வட்டை மெல்லச் சுழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெண்மையாகப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. அப்படியே போட்டால் வட்டைப் படிக்கும் டிரைவின் தலையில் அது ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் நல்ல வட்டையும் கீறிவிடும். நன்றாக இருக்கும் வட்டுகளில் முதல் வேலை, உள்ளே இருப்பதைப் பிரதி எடுத்துவைப்பது. விளையாட்டெல்லாம் அப்புறம். யாரோ ஒரு மாணவர் பேசிக் என்ற நிரல்மொழியில் எழுதிய நிரல் உலகில் அந்த ஒரே வட்டில்தான் இருக்கக்கூடும்.

கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது, விளையாட்டோ நிரலோ அடங்கிய கார்ட்ரிட்ஜைச் சொருகவோ பிடுங்கவோ கூடாது. மஞ்சள் பூத்த மேற்கூட்டை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கும் பழக்கத்தையும் நான் பரிந்துரைப்பதில்லை. திட்டுத் திட்டாக வெளுக்கும், நாளடைவில் மஞ்சள் திரும்பவும் வரும். ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்தாலே போதும்.

வாங்கும் முன் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கொமடோர் 64-இன் ஒலிக்குப் பொறுப்பான சிட் சிப்புக்குத் தனியாக நல்ல விலை இருப்பதால், அதை மட்டும் கழற்றி விற்றுவிட்டு மீதியைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஓடாத கணினி கைக்கு வந்தாலும் குப்பையில் போட வேண்டாம். கொமடோர் நிறுவனம் 1994-இலேயே திவாலாகிவிட்டது. ஸ்பெக்ட்ரத்தின் இதயமான இசட்80 சிப்பின் அசல் வரிசைக்குக்கூட 2024 ஜூனோடு கடைசி ஆர்டர் வாங்கிவிட்டார்கள். உங்களிடம் உயிரற்றுக் கிடக்கும் பலகையிலிருந்து ஒரு சிப், ஒரு விசை, ஒரு சுருள்கம்பி கிடைத்தாலே இன்னொருவர் வீட்டில் ஒரு கணினி ஓடும்.