மின்னணு பார்க்கிங் பிரேக் விடுபடவில்லையா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

கைப்பிடிக்குப் பதில் பொத்தானால் இயங்கும் பார்க்கிங் பிரேக் இது. பொத்தானை அழுத்துகிறீர்கள். பின்சக்கரப் பக்கம் கேட்க வேண்டிய மெல்லிய உறுமல் கேட்கவில்லை. எச்சரிக்கை விளக்கு மட்டும் எரிகிறது. உடனே "மோட்டார் போய்விட்டது" என்று முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு.

பின்சக்கரப் பிரேக்கை இறுக்கித் தளர்த்தும் இந்த மோட்டார் ஓரிரு விநாடிகளில் பெரும் மின்சாரத்தை இழுக்கும். பேட்டரி தளர்ந்திருந்தால் விளக்குகள் எரியும், பாட்டும் பாடும். பிரேக் மட்டும் அசையாது. இயந்திரம் ஓடாத நிலையில் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் நிற்கும். பேட்டரியை முதலில் பார்ப்பது மின்சாரக் காருக்கும் பொருந்தும். அங்கேயும் பிரேக்கை இயக்குவது பெரும்பாலும் சிறிய 12 வோல்ட் பேட்டரிதான். பேட்டரி செத்துப்போன காரைப் பிரேக் பூட்டியிருக்கும்போதே கயிறு கட்டி இழுப்பவர்களும் உண்டு. சக்கரம் சுழலாமல் தேய்வதில் டயரும் வீணாகும். வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து, சற்றுப் பொறுத்து, பிறகு பிரேக்கை விடுவிப்பதே வழி.

அதைவிடச் செலவு வைக்கும் தவறு பட்டறையில் நடக்கிறது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை பிரேக் பேட்களால் கவ்விப் பிடிக்கும் பாகம் காலிப்பர். அதற்குள் மோட்டார் ஒரு திருகைச் சுழற்ற, அதன் மேலுள்ள நட்டு நகர்ந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பின்புற பிரேக் பேட் மாற்றும்போது அந்த நட்டு முதலில் பின்வாங்க வேண்டும். அதற்காகத்தான் 'சர்வீஸ் மோட்' என்ற பராமரிப்பு நிலை இருக்கிறது. பழைய பழக்கத்தில் கிளாம்ப் வைத்துப் பிஸ்டனை நெருக்கினால், அழுத்தம் முழுவதும் திருகின் மேலும் பல்சக்கரங்களின் மேலும் விழும். காலிப்பரைக் கழற்றி வைத்திருக்கும்போது யாராவது பொத்தானைத் தொட்டுவிட்டால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். விரலும் தப்பாது. என்னைக் கேட்டால், சர்வீஸ் மோட் பற்றிக் கேட்டதும் விழிக்கும் மெக்கானிக்கிடம் பின்புற பிரேக்கைக் கொடுக்க வேண்டாம்.

சக்கரத்தருகே உள்ள வயரும் கனெக்டரும் சேறு, நீர், அதிர்வு மூன்றையும் தாங்குபவை. கனெக்டரின் ரப்பர் வளையம் சரியாக உட்காராவிட்டால் உள்ளே துரு ஏறும். பிரேக் ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. இப்படி வந்து வந்து போகும் கோளாறுக்குப் புது மோட்டார் வாங்குவது வீண்.

ஆட்டோமேட்டிக் காரின் கியரை 'பி'யில் (பார்க்) போட்டுவிட்டுப் பார்க்கிங் பிரேக்கைத் தொடாமலே ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அசையாத பாகம் துருப்பிடித்து இறுகும். ஈரமான காரைப் பிரேக் போட்டு நாள்கணக்கில் நிறுத்தினால் பேட் டிஸ்கோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்துப் பிய்த்தெடுக்கக் கூடாது.

தயாரிப்பிலேயே பிழை இருப்பதும் உண்டு. 2017-இல் டெஸ்லா சுமார் 53,000 கார்களைத் திரும்ப அழைத்தது. பார்க்கிங் பிரேக்கின் சிறிய பல்சக்கரம் சரியாக வார்க்கப்படாமல் இருந்திருக்கலாம் என்பதே காரணம். ஆகவே உங்கள் மாடலுக்கு அப்படி அறிவிப்பு உண்டா என்று பார்த்துவிட்டுப் பணப்பையைத் திறக்கலாம்.

பல கார்களில் பிரேக் மிதியில் கால் வைக்காமல் பொத்தானை அழுத்தினாலும், சீட் பெல்ட் போடாமல் ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் பிரேக் விடுபடாது. அது கோளாறே அல்ல.