ஈசோப்பு வைப்பவர்கள் விடும் பிழைகள்

தை பிறந்தால் ஈசோப்பு (hyssop) என்ற மணச் செடியின் கன்று தேடி என்னிடம் வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். "ஈசோப்புக் கன்று நல்லாத்தான் இருந்தது, மாரியோட பட்டுப் போயிற்று, வேற இருக்கா?" 51ஆம் சங்கீதத்தில் பெயரைக் கேட்டு ஆசைப்பட்டு வைப்பவர்கள் நிறையப் பேர். வேதாகமத்தில் வருவது ஓரகானோ இனத்துச் செடியாக இருக்கலாம் என்பது தாவரவியலாளர் பலரின் கருத்து. அது இருக்கட்டும், நீல நிறத்தில் பூத்து, கையால் தடவினால் புதினாவும் கற்பூரமும் கலந்த மாதிரி மணக்கிற இந்தச் செடியும் வளவில் இருக்க வேண்டிய ஒன்றுதான்.

வெயிலில் வை, களை பிடுங்கு, ஆடு கடிக்காமல் பார் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஆரம்பத்தில் எங்களைப் போன்றவர்கள் விட்ட பிழைகளையே புதிதாக வருகிறவர்களும் திரும்பத் திரும்ப விடுவதால்தான் இதை எழுதுகிறேன்.

"மணல்தானே, தண்ணி நிற்காது"

இந்த ஒரு வசனத்தால் செத்த கன்றுகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஈசோப்பு தென் ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் வறண்ட, சுண்ணாம்புச் சத்துள்ள கல் நிலங்களில் வளரும் செடி. வேரில் ஈரம் தங்கக் கூடாது என்பதை வாசித்துவிட்டுத்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். வாசித்துவிட்டு, "எங்கட வளவு முழுக்க மணல், ஊற்றின தண்ணி உடனே இறங்கிரும், பிறகென்ன" என்று நேரே நிலத்தில் நட்டுவிடுகிறார்கள்.

சித்திரையில் அது சரி. மார்கழியில் பிழை. மட்டக்களப்பில் கல்லடியில் இருந்து கல்முனைப் பக்கம் வரைக்கும் எழுவான்கரை என்பது ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கிற ஒடுங்கிய மணல் நிலம். வடகீழ்ப் பருவமழை ஐப்பசி தொடங்கி அடித்து ஊற்றும்போது தண்ணீர் மணலில் இறங்கத்தான் செய்கிறது, ஆனால் இறங்கிய தண்ணீருக்குப் போக இடமில்லை, அதனால் நிலத்தடி மட்டம் மேலே ஏறிக்கொண்டே வருகிறது. கோடையில் கயிற்றை நீட்டி அள்ளிய கிணற்றில் மாரி உச்சத்தில் தாழ்ந்த வளவுகளில் குனிந்தே அள்ளலாம். கிணற்றில் தெரிகிற அந்த மட்டம்தான் உங்கள் செடிக்குக் கீழேயும். மழை இரண்டு நாள் விட்டால் மேல் மணல் வெளுத்துக் காய்ந்துவிடும், தோண்டிப் பார்த்தால் ஒரு சாணுக்குள்ளேயே வேர் தண்ணீரில் நிற்கும்.

இதற்கு மேல் இன்னொரு பிழையும் சேர்கிறது. அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் செடி தாகத்தில் வாடுவது போலவே தலையைத் தொங்கப் போடும். பார்க்கிறவர் பாசத்தில் ஒரு வாளி கொண்டுவந்து ஊற்றுவார். களுவாஞ்சிகுடிப் பக்கம் ஓர் அக்கா, மகள் வெளிநாட்டில் இருந்து அனுப்பிய விதையைக் கஷ்டப்பட்டு முளைக்க வைத்து, கிணற்றடி ஓரமாக வரிசையாக நட்டிருந்தார். கார்த்திகைக் கடைசியில் போனபோது, "தம்பி, காலையிலயும் பின்னேரமும் ஊத்துறன், அப்படியும் வாடுது" என்கிறார். ஒன்றைப் பிடித்து இழுத்தேன், தடையே இல்லாமல் கையோடு வந்தது. நல்ல வேர் வெளிர் நிறமாக, முறுக்காக இருக்கும். இது கபிலமாகி, இரண்டு விரலால் உருவினால் தோல் மட்டும் வழுக்கிக்கொண்டு கழன்று, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மிஞ்சியது. தண்டு மண்ணைத் தொடுகிற இடத்தில் கறுத்து நசிந்திருந்தது. மணந்து பார்த்தால் சேற்று நாற்றம். அந்த வரிசையில் ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை. ஒரு வருட உழைப்பு, திரும்ப விதை எடுப்பிக்கிற செலவு, எல்லாம் அந்த வாளித் தண்ணீரோடு போனது.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் களிமண் வயலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் மண்ணை நம்புவதில்லை, முதல் நாளே பூச்சாடியில் வைக்கிறார்கள். அவர்களுடைய செடி மாரியைத் தாண்டி நிற்கிறது.

ஆகவே நிலத்தில் நடாதீர்கள், மண்சாடியில் வையுங்கள். பாதிக்குப் பாதி குருமணலும் உடைத்த செங்கல் துண்டும், மீதி வளவு மண்ணும் கொஞ்சம் மக்கிய எருவும் போதும். சாடியின் ஓட்டை அடைபடாமல் ஓட்டுத்துண்டு வைத்து, இரண்டு கல்லின் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வைக்கவே கூடாது. ஐப்பசி பிறந்ததும் சாடியைக் கிழக்கு வெளிச்சம் படுகிற தாழ்வாரத்துக்குள் எடுங்கள், கூரைத் தண்ணீர் ஒழுகுகிற கோட்டுக்கு உள்ளே. நிலத்தில்தான் வைப்பேன் என்றால் முழங்கால் உயரத்துக்கு மேடு கட்டுங்கள், அதற்குக் குறைந்தால் பிரயோசனம் இல்லை. தண்ணீர் ஊற்ற முதல் விரலைக் கணு இரண்டு புதைகிற அளவுக்கு மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டுப்பட்டால் வாளியை வைத்துவிட்டு வாருங்கள்.

தும்புச்சோறு

வேண்டாம். தேங்காய் மட்டையில் தும்பு எடுக்கும்போது உதிர்கிற தூள் அது, சாடி மண்ணில் கலந்தால் தண்ணீரைப் பிடித்து வைக்கும்.

எல்லாரும் விதைக்கிற நேரத்தில் விதைப்பது

மாரியோடு தோட்டம் செய்வது எங்கள் பழக்கம், அதனால் ஈசோப்பு விதையையும் ஐப்பசியில் தூவிவிடுகிறார்கள். சின்ன விதை, ஒரு மழையில் அள்ளுண்டு போகும், மிஞ்சியது நாற்றிலேயே அழுகும். பொங்கல் முடிந்து மழை குறையும்போது போடுங்கள். காலையும் மாலையும் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும், முளைக்க இரண்டு மூன்று கிழமை எடுக்கும், அதற்குள் கிண்டிப் பார்க்காதீர்கள். மேலே மெல்லிய மணல் தூவல் போதும், ஆழத்தில் புதைத்தால் வராது.

மலைநாட்டுக் கன்று

நுவரெலியாப் பக்கத்துக் குளிரில் வளர்ந்த கன்றைக் கொண்டுவந்து அடுத்த நாளே, கோடையில் வீசுகிற வறண்ட தென்மேல் காற்றான கச்சானிலும் வெயிலிலும் வைத்தால் இலை நுனி கருகும். இரண்டு கிழமையாவது கிடுகு நிழலில் பழக்கி, பிறகு காலை வெயிலுக்கு மட்டும் விடுங்கள். குளிர் நாட்டில் பகல் முழுக்க வெயிலில் வை என்று எழுதியிருப்பதை வைகாசி வெயிலுக்கு அப்படியே எடுக்க முடியாது.

மாட்டெரு

ஒரு கைப்பிடி. கூடினால் இலை கொழுக்கும், மணம் குறையும்.

அடியோடு வெட்டுவது

பச்சையாக, இளசாக இருக்கிற நுனியை அடிக்கடி கிள்ளுங்கள், செடி அடர்ந்து வரும். விறகு மாதிரி முற்றிய அடித்தண்டில் வெட்டினால் பெரும்பாலும் திரும்பத் துளிர்க்காது. கறிவேப்பிலையை வெட்டிப் பழகிய கையோடு இதை வெட்டாதீர்கள்.

பாவிப்பது

கச்சான் காலம் இலை காயவைக்க அருமையான காலம், ஆனால் நேர் வெயிலில் பரப்பினால் மணம் எல்லாம் பறந்துவிடும். பூ விரியத் தொடங்கும்போது கொப்பை வெட்டி, காற்றோட்டமான நிழலில் கட்டித் தொங்கவிட்டு, இலை நொறுங்கும் பதத்தில் போத்தலில் அடையுங்கள். இலை கைக்கும். மீன் சொதியில் இறக்குகிற நேரத்தில் நாலைந்து இலை கிள்ளிப் போட்டால் நன்றாக இருக்கும், ரம்பை போடுகிற அளவுக்குப் போட்டால் சட்டியே கைத்துவிடும். தேத்தண்ணிக்கு ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி காய்ந்த இலை, கொஞ்சம் தேன்.

எண்ணெய்

குடிக்கக் கூடாது. சிறு போத்தலில் விற்கிற ஈசோப்பு எண்ணெயில் பினோகாம்போன் என்ற பொருள் செறிந்திருக்கிறது, அது வலிப்பை வரவழைக்கக்கூடியது. சளிக்கு நல்லது என்று யாராவது சொன்னாலும் பிள்ளைகளுக்குத் துளிகூடக் கொடுக்காதீர்கள். வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எண்ணெயை மட்டுமில்லை, இலைத் தேத்தண்ணியையும் தவிர்க்க வேண்டும். கன்று கேட்டு வருகிறவர்களிடம் வீட்டில் அப்படி யாரும் இருக்கிறார்களா என்று நான் விசாரித்துவிட்டுத்தான் கொடுக்கிறேன், நீங்களும் அடுத்தவருக்குக் கொப்பு ஒடித்துக் கொடுக்க முதல் கேளுங்கள்.